பெரிய நாத்தனாருக்கு ஒரு தகடு

கல்லக்கா என்று அவளுக்குப் பெயர் வந்ததற்குக் கல் மனசு காரணமில்லை. மனசு என்னவோ ஈரத்துணிதான். யாராவது லேசாகப் பிழிந்தாலே சொட்டும். பெயருக்குக் காரணம் அவளுடைய குரல்.

அவள் கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். ஊர் முழுக்க அவர் மோட்டார்க்காரர். அவரை நம்பியிருக்கும் தோட்டங்களெல்லாம் வறண்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. ஆற்றைக் கடந்து போக ஒரு தடம் உண்டு; அதைப் பாதை என்று சொன்னால் மற்ற பாதைகளுக்குக் கோபம் வரும். மண்ணைவிடக் கல் அதிகம். அவருடைய பழைய பிக்கப் வண்டி அந்தத் தடத்தில் இறங்கியதும் கல்லக்கா பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஆரம்பித்துவிடுவாள்.

"கல்லு! இடது சக்கரம்! கல்லு, கல்லு, நடுவுல! மெதுவா... மெதுவா... ஆங், போலாம்!"

காய்ந்த ஆற்றில் அந்தக் குரலைத் தடுக்க ஒன்றுமில்லை. அது நேராகத் தோட்டங்களுக்குப் போய்ச் சேரும். உடனே ஒருவர் நாயைக் கட்டுவார், இன்னொருவர் கேட்டைத் திறப்பார், மூன்றாவது வீட்டில் டீக்குத் தண்ணீர் வைப்பார்கள். அந்த வண்டியின் ஹாரன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அதற்கு முன்னால் அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம், இருபத்தாறு வருஷம் ஒரே மெஷினை மிதித்தவள். கோணல் தோள், தூக்கிய இடுப்பு, சாப்பாட்டுக்கு முன் ஒரு அளவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு அளவு என்று வருகிற வயிறு, எல்லாவற்றுக்கும் அவள் கத்தரி பதில் வைத்திருந்தது. அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. "துணி போச்சுங்க, மன்னிச்சுக்கங்க" என்று அவள் ஒரு ஆளிடம்கூடச் சொன்னதில்லை. தப்பாக வெட்டியிருந்தாலும் அதை எப்படியாவது சட்டையாக்கி, போட்டவர் "இந்த மாடல் எங்க பாத்தீங்க?" என்று கேட்கும்படி செய்துவிடுவாள்.

நாற்பத்தொன்பதாவது வயசில் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே குனிஞ்சு எந்த வேலையும் வேண்டாம். நேராப் பாருங்க. தூரமாப் பாருங்க. கழுத்து தானா சரியாயிடும்" என்றார். மெஷினுக்கு உறை தைத்துப் போட்டாள். அந்த உறைதான் கடைசித் தையல். அதன் பிறகு வீட்டுக்குள் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் தூரமாகப் பார்க்க என்ன இருக்கிறது? நாலாவது நாள் மோட்டார்க்காரருக்கே பொறுக்கவில்லை. "வா, அப்படியே ஒரு சுத்து காத்து வாங்கிட்டு வரலாம்" என்று வண்டியில் ஏற்றினார்.

ஏறிய பத்தாவது நிமிஷம் அவள் முதல் முறையாகக் கத்தினாள். அவர் பதறிப்போய் பிரேக் போட்டார். இறங்கிப் பார்த்தால், வண்டியின் அடிவயிற்றுக்கும் ஒரு கூர்க்கல்லுக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி. இஞ்சின் எண்ணெய் நிற்கும் கிண்ணம் ஒன்று வண்டிக்கு அடியில் தொங்கும்; சம்ப் என்பார்கள். எந்தப் புண்ணியவான் அதை அவ்வளவு தாழ்வாக வைத்தானோ, அந்த வண்டியில் தரைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். கல் அதைக் கிழித்தால் எண்ணெய் முழுக்க ஒழுகிவிடும். அதற்குப் பிறகும் ஓட்டினால் இஞ்சினுக்குக் கருமாதிதான். அதற்கு முந்தின வருஷமே அவர் ஒரு சம்ப்பைப் பலி கொடுத்திருந்தார்.

அன்றிலிருந்து அந்த சீட் அவளுடையது. நாலு வருஷம். டாக்டர் சொன்னபடியே நேராகவும் தூரமாகவும் பார்த்ததில் கழுத்தும் சரியாகிவிட்டது. பார்க்கும் பழக்கம் மட்டும் சரியாகவில்லை. தடத்தில் இருந்த முக்கியமான கற்களுக்கெல்லாம் அவள் பெயர் வைத்தாள். ஆற்றில் இறங்கும் இடத்தில் இருப்பது சம்பந்தி. மரியாதையாக, மெதுவாக ஒதுங்கிப் போக வேண்டும். அடுத்த வளைவில் புல்லுக்குள் ஒளிந்து நிற்கும் ஒல்லிக் கல் கணக்கு வாத்தியார். அக்கரைப் பக்கம், ஒன்றிலிருந்து தப்பித்தால் இன்னொன்றில் மாட்டவைக்கும் ஜோடி, இரட்டைப் பிள்ளைகள். ஆற்றின் நட்டநடுவில், இந்தப் பக்கமும் விடாமல் அந்தப் பக்கமும் விடாமல், அகலமாக உட்கார்ந்திருப்பது பெரிய நாத்தனார். ஒரு சக்கரத்தை அவள் தலைமேல் பக்குவமாக ஏற்றி இறக்கினால்தான் சம்ப் தப்பும்.

மோட்டார்க்காரருக்கு நிஜமாகவே ஒரு அக்கா உண்டு. முதல் முறை அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் கடுகடுத்தார். ஒரு மாதம் கழித்து அவரே, "எங்கக்கா வந்துட்டாளா பாரு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரே ஒரு சொல் வந்து விழுந்தது.

புதிதாக ஒருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வாங்கியிருந்தார். அவர் கிணற்றில் மோட்டாரை இறக்கி முடித்த மாலை, கல்லக்கா தொட்டிக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தாள். "வீட்டம்மாவையும் வேலைக்கு வச்சிருக்கீங்களோ?" என்று புது ஆள் சிரித்தார்.

மோட்டார்க்காரரும் சிரித்தார். "அதெல்லாம் இல்லைங்க. வீட்டுல இருந்தா போரடிக்கும்ல? சும்மா வர்றா."

சும்மா! நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தியது சும்மா. தூசி தின்றது சும்மா. கை கழுவிய தண்ணீரை அவள் முகத்திலும் அடித்துக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் வெயில் நேர் எதிரே. கண்ணாடி முழுக்கத் தூசி. அவள் வாயைத் திறக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகள் வந்தார்கள். அவர் தானாகவே ஒடித்துத் தப்பித்தார். அதில் அவளுக்கு இன்னும் எரிச்சல். 'பாத்தியா, நீ இல்லாமலே ஓட்டுறேன்' என்று அவர் தோளே சொல்வது போலிருந்தது. அடுத்தது பெரிய நாத்தனார். நாலு வண்டி தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டாள். மூச்சை இழுத்தாள். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்படியே முழுங்கினாள்.

டணார் என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார்க்காரர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார். மணலில் கறுப்பாக ஒரு கோடு பெரிய நாத்தனாரிலிருந்து வண்டி வரைக்கும் வந்திருந்தது. "போச்சு" என்றார். அவ்வளவுதான். அவளைத் திட்டவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு ஒரு சண்டை போட்டு மனசை ஆற்றியிருப்பாள். தோட்டத்து டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது.

சம்ப் மாற்றிய மறுநாள் காலை, டீ டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே மோட்டார்க்காரர் சொன்னார்: "அடியில ஒரு தகடு போட்டுடணும்."

கல்லக்கா எடுக்க வந்த டம்ளரை அங்கேயே விட்டாள். தகடு வந்துவிட்டால் கல் எதற்குப் பார்க்க வேண்டும்? கல் பார்க்க வேண்டாமென்றால் அவள் எதற்கு? மெஷினுக்கு உறை போட்ட மாதிரி தனக்கும் ஒரு உறை போட்டு மூலையில் தள்ளப்போகிறார்கள் என்று பட்டது. அதைவிடக் கொடுமை, எல்லாம் தன் வாய் சும்மா இருந்ததால் வந்த வினை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

தகடு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுமே கொழுந்தன் வந்துவிட்டார். கொழுந்தனுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் வண்டிகளைப் பற்றி போனில் அவர் பார்க்காத வீடியோ பாக்கியில்லை. எந்த இஞ்சின் எந்த மலையில் ஏறும், எந்த டயர் எந்தச் சேற்றில் வழுக்கும், எல்லாம் அவருக்குச் சோபாவில் உட்கார்ந்தபடியே அத்துப்படி.

"ஸ்கிட் பிளேட்டுன்னு பேரு அண்ணே. மூணு வகை இருக்கு. முதல்ல இரும்பு. நாலு மில்லி தடிப்பு. மலையே வந்து மோதினாலும் அசையாது."

"எவ்வளவு எடை?" கல்லக்கா சமையலறை வாசலிலிருந்து கேட்டாள்.

"முழுசா மூடினா ஒரு முப்பது கிலோ வரும் அண்ணி."

"ஏற்கெனவே மேடு ஏறும்போது அந்த வண்டிக்கு மூச்சு வாங்குது. அது வயித்துல முப்பது கிலோவக் கட்டிவிட்டா பின்னாடி நின்னு நீங்களா தள்ளுவீங்க?"

"சரி, அப்போ அலுமினியம். லேசு. துருப்பிடிக்காது."

"நம்ம அலுமினியக் குண்டான் ஒரே ஒரு தடவைதான் தம்பி கீழ விழுந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அடுப்புல நேரா உக்கார மாட்டேங்குது."

"பிளாஸ்டிக்லயும் வருது. கெட்டிப் பிளாஸ்டிக்."

"கெட்டின்னு சொல்லித்தான் நாற்காலியும் வாங்கினோம்."

அந்த நாற்காலி இரண்டாக உடைந்தபோது அதில் உட்கார்ந்திருந்தவர் கொழுந்தன்தான். ஆகவே பிளாஸ்டிக் பற்றி அவர் மேற்கொண்டு வாதாடவில்லை.

கல்லக்கா விடுவதாக இல்லை. கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். எண்ணெய் மாற்ற ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்ற வேண்டுமா? அதற்கு ஓட்டை உண்டு என்றார் கொழுந்தன். ஓட்டைக்குள் கல் குத்தாதா? சின்ன ஓட்டைதான். சின்ன ஓட்டையில் சேறு புகுந்தால்? சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் இஞ்சின் சூடு எந்த வழியாகப் போகும்? தகட்டை எதில் மாட்டுவார்கள், சம்ப்பிலேயேவா? அப்படியானால் தகட்டில் விழும் அடி சம்ப்புக்கும் விழாதா? கொழுந்தன் போனை மேலும் கீழும் தேய்த்தார். போனிடமும் பதில் இல்லை. கடைசியில், "எப்படியும் இவ்வளவு பழைய மாடலுக்கு ரெடிமேடா எதுவும் வர்றதில்ல" என்று ஒத்துக்கொண்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று கல்லக்கா கரண்டியை இறக்கினாள். அப்போதுதான் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் மின்னிக்கொண்டிருந்தன.

"அருமையான கேள்வியெல்லாம் கேட்டிருக்கா. நம்ம பட்டறையிலயே சொல்லிச் செஞ்சிடலாம். மூணு மில்லி இரும்பு. சம்ப்பையும் முன்பக்கத்தையும் மட்டும் மூடினா போதும், எடை பாதியாயிடும். எண்ணெய் இறக்குற நட்டுக்கு நேரா ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு மூடி. சூடு போக பின்னாடி ரெண்டு கீறல். மாட்டுறது சம்ப்புல இல்ல, வண்டியோட சேசிஸ் சட்டத்துல. நாலு போல்ட்டு." அவர் எழுந்து நின்றார். "இவ கேக்கலைன்னா நாம ஏதாவது குப்பைய வாங்கியிருப்போம்டா."

தடுக்கப் போட்ட கேள்விகளே படிக்கட்டாகிவிட்டன. கல்லக்கா சமையலறைக்குத் திரும்பிப் போய், யார் மேலோ இருந்த கோபத்தைப் பாத்திரங்கள் மேல் காட்டினாள்.

பட்டறை கடைத்தெருக் கோடியில் இருந்தது. தகரக் கூரை, கறுத்த சுவர், மூலையில் துருவேறிய கேட்டுகள். பிக்கப்பை ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். கல்லக்காவும் கூடவே வந்திருந்தாள். சும்மாதான். அந்தச் சொல்லை அவளே இப்போது தனக்குள் சொல்லிக் குத்திக்கொண்டு, கையைக் கட்டியபடி வாசலில் நின்றாள்.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் தலையை மட்டும் விட்டு, கையை விரித்துச் சாண் போட்டார். "ரெண்டு சாண்... இது மூணு சாண், கொஞ்சம் குறைய. ஓரத்துல ஒரு நாலு விரக்கட. சரி, தகட்ட வெட்டிடலாம்."

வாயைத் திறக்கக் கூடாது என்று கல்லக்கா சத்தியம் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். இவன் சாண் போட்டு வெட்டினால் தகடு நிச்சயம் பொருந்தாது, பொருந்தாவிட்டால் அவள் சீட் பிழைத்தது. பேசாமல் நின்றால் போதும். ஆனால் இருபத்தாறு வருஷப் புத்தி என்று ஒன்று இருக்கிறதே!

"கொஞ்சம் குறையவா? எவ்வளவு குறைய?" அவள் உள்ளே வந்துவிட்டாள். "சாண்ல அளந்தா யார் கைக்கு யார் சட்டை?"

"இரும்புதானே அக்கா. அப்படி இப்படித்தான் இருக்கும். தட்டி உக்கார வச்சிடலாம்."

"தள்ளுங்க."

கைப்பையிலிருந்து இஞ்ச் டேப் வெளியே வந்தது. இவ்வளவு நாளும் அது அங்கேயேதான் இருந்தது. ஒரு சாக்கை விரித்து அதில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள். குனியவே தேவையில்லை. நேராகப் பார்த்தால் போதும்; டாக்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். நாலு வருஷமாக எதைக் காப்பாற்றக் கத்தினாளோ அதை அன்றைக்குத்தான் முதல் முறை முகத்துக்கு முகம் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு, பயந்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய காக்கித் தாள் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். முதலில் நடுக்கோடு. அதிலிருந்து இந்தப் பக்கம் தனியாக, அந்தப் பக்கம் தனியாக. "பாதிய அளந்து மடிச்சு வெட்டினா போதாதா?" என்றார் மோட்டார்க்காரர். "எந்த உடம்பும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுங்க. உங்க தோளே இடது பக்கம் அரை இஞ்ச் இறக்கம்" என்று அடியிலிருந்து பதில் வந்தது. மோட்டார்க்காரர் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போல்ட்டு வரும் நாலு இடம், ஓட்டை, கீறல், சக்கரத்துக் கம்பி அசைய விட வேண்டிய வளைவு, எல்லாம் சாக்பீஸில் தாளுக்கு ஏறின. வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. அவளுக்கு அது தெரியவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு கை நிறைய வேலை செய்த சந்தோஷம் அவளுக்கு.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தான் என்ன காரியம் செய்துவிட்டு வந்தோம் என்பது உறைத்தது. தனக்குக் குழி தோண்டச் சொன்னால்கூட அளவெடுத்து நேர்த்தியாகத் தோண்டிக் கொடுப்பாள் போலிருக்கிறது.

மறுநாள் தகடு வெட்டித் தயாராக இருந்தது. பட்டறைக்காரர் அதைத் தூக்கி அடியில் பொருத்தினார். போல்ட்டு ஓட்டைகள் நாலும் கச்சிதமாக நேருக்கு நேர் நின்றன. ஆனால் தகடு ஏறவில்லை. முன்னால் பம்பர் கம்பியில் இடித்தது, இரு பக்கமும் முட்டியது, பின்னால் குறுக்குச் சட்டத்தில் சிக்கியது. சுற்றிலும் ஒரே சீராக அரை இஞ்ச் அதிகம்.

"நீங்க போட்ட கோட்டுல ஒரு நூல்கூடத் தப்பாம வெட்டினேன்கா" என்றார் பட்டறைக்காரர். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கல்லக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடுகள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்கோடு அளவு. வெளிக்கோடு, தையலுக்கு விடும் அரை இஞ்ச். யாரும் கேட்காமலே, அவளே அறியாமலே, கை பழக்கத்தில் போட்டிருக்கிறது. இரும்பில் எவளாவது தையலுக்கு விடுவாளா? கல்லக்கா விட்டிருக்கிறாள்.

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். மோட்டார்க்காரர் சிரிக்கவில்லை. தகட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சரி, விடு. மறுபடி சுத்தி வெட்டினா விளிம்பு பிசிறடிச்சு கத்தி மாதிரி நிக்கும், கல்லுல குத்தும். நமக்குத் தகடு குடுத்து வைக்கல. வேண்டாம், விட்டுடலாம்" என்றார்.

விட்டுடலாம்! அவள் வேண்டியது அதுதானே? யாரும் குறை சொல்ல முடியாதபடி, தானாகவே வந்து மடியில் விழுந்திருக்கிறது. பேசாமல் தாளைச் சுருட்டினால் நாளைக் காலை அவள் சீட் அவளுக்கு. கல்லக்கா தாளைச் சுருட்டக்கூட ஆரம்பித்தாள். பட்டறைக்காரர் தகட்டைத் தூக்கிப் போய்த் துருப்பிடித்த கேட்டுகளோடு சாத்தி வைத்தார்.

"தகடு போச்சுக்கா" என்றார்.

அந்தப் 'போச்சு' அவளை எங்கேயோ கிள்ளியது. ஒருத்தரிடமும் அவள் சொல்லாத சொல். அதை இன்னொருத்தன், அவள் போட்ட கோட்டைப் பார்த்து, அவளிடமே சொல்கிறான். மனசு கேட்கவில்லை.

"எடுங்க அத" என்றாள். "வெட்ட வேண்டாம். மடிங்க."

"மடிக்கிறதா? இது துணி இல்லக்கா, இரும்பு."

"சூடு காட்டினா எது மடியாது? உள்கோட்டுக்கு ஒரு நூல் உள்ள தள்ளி மடிங்க. தகட்டுக்கும் தடிப்பு இருக்குல்ல. மேல் பக்கமா மடிங்க. மூலையில மட்டும் வெட்டு குடுங்க, இல்லைன்னா சுருங்கும். முன் விளிம்பு மேல மடிஞ்சா கல்லு குத்தாது, வழுக்கிட்டுப் போகும்."

பட்டறைக்காரர் சந்தேகத்தோடு நெருப்பைப் பற்றவைத்தார். தகட்டு ஓரம் சிவந்தது. ஆங்கிள் இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டத் தட்ட, அரை இஞ்ச் அடங்கி மேலே திரும்பியது. நாலு பக்கமும் முடிந்ததும் அவர் தகட்டின் மேல் ஏறி நின்று பார்த்தார். முதலில் நடுவில் வளைந்துகொடுத்த தகடு இப்போது அசையவில்லை. "ஓரம் மடிச்சதுல நாலு மில்லி பலம் வந்துடுச்சே" என்று அவரே அசந்துபோனார். அடியில் தூக்கி வைத்தபோது, தைத்துப் போட்ட சட்டையாக உட்கார்ந்தது. போல்ட்டுகள் கையாலேயே ஏறின.

எல்லோரும் பாராட்டினார்கள். கொழுந்தன் தகட்டைப் படமெடுத்துக்கொண்டே, "அப்பாடா, இனிமே அண்ணி நிம்மதியா வீட்டுல ரெஸ்ட் எடுக்கலாம்" என்றார். கல்லக்கா கணவரைப் பார்த்தாள். அவர் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வழக்கமான புடவையைக் கட்டினாள். பிறகு, எதற்கு என்று தோன்றவே, ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். வெளியே பைப் ரெஞ்சுகள் வண்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. இஞ்சின் கிளம்பியது. அவள் அடுப்பை மூன்றாவது முறை துடைத்தாள்.

டம், டம், டம் என்று வண்டிக் கதவில் கையால் அடிக்கும் சத்தம். ஹாரன் இல்லாத வண்டியில் அவர் அவளைக் கூப்பிடும் முறை அதுதான். அவள் போகவில்லை. மறுபடி டம், டம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. மானம் போகிறதே என்று ஓடிப்போய் ஏறினாள்.

ஏறினாலும் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை கோபமில்லை. வேலை இல்லாத இடத்தில் குரல் எதற்கு என்ற துக்கம். சம்பந்தி வந்தார். மோட்டார்க்காரர் தானாக ஒதுங்கினார். கணக்கு வாத்தியார் தகட்டில் ஒரு இடி இடித்துவிட்டு வழுக்கிக்கொண்டு போனார். எண்ணெய் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தன் கைவேலை இவ்வளவு நன்றாக இருப்பதில் அவளுக்குப் பெருமை. பெருமைப்படுகிறோமே என்று அழுகை.

வண்டி நின்றது. பெரிய நாத்தனாருக்கு நாலடி முன்னால், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"சொல்லு."

"என்னத்தச் சொல்றது? அதான் கண்ணுக்கு நேரா இருக்கே. தகடும் இருக்கு."

"தகடு இருக்கட்டும். நீ சொல்லு."

அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கல்லக்காவால் தாங்க முடியவில்லை. குட்டை உடைத்துவிட்டாள்.

"அன்னைக்கு நான் இதப் பாத்தேங்க. தூரத்துலயே பாத்துட்டேன். பாத்துட்டுதான் சொல்லல."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூச்ச இழுத்தியே. நாலு வருஷமா கேக்குறேன். நீ மூச்ச இழுத்தா அடுத்தது கல்லுதான்."

"தெரிஞ்சுதுன்னா பிரேக் போட வேண்டியதுதானே?"

"எந்தப் பக்கம்னு நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

எதிரே அகலமாக உட்கார்ந்திருந்த கல்லை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"சும்மா வர்றான்னு சொன்னீங்க" என்றாள்.

"சொன்னேன். புது ஆளு. பொண்டாட்டி சத்தம் குடுத்தாத்தான் வண்டியே ஓட்டுவேன்னு சொன்னா சிரிப்பானோன்னு வெக்கம்." மோட்டார்க்காரர் தன் இறங்கிய இடது தோளைச் சொறிந்துகொண்டார். "தப்புதான். அதுக்கு ஒரு சம்ப்பு போச்சு."

கல்லக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது, கோபமாகவே வந்தது. "அப்புறம் இந்தத் தகடு எதுக்கு? இத்தன நாளா என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டு?"

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். இது கூடவா தெரியாது என்பது போல.

"நாம சண்ட போடுற நாளுக்கு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். மூச்சை நன்றாக இழுத்தாள்.

"கல்லு! பெரிய நாத்தனாரு! இடது சக்கரத்த மேல ஏத்துங்க... மெதுவா... மெதுவா..."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டும் சத்தம் கேட்டது.